பூட்டு வேண்டாம் அந்தப் பெட்டிக்கு

என் உயிரான மாமாவுக்கு,

நீங்கள் விழுந்த இடத்தில், பாகலூர் சாலை டீக்கடைச் சுவரில், இப்போது ஒரு பச்சைப் பெட்டி மாட்டியிருக்கிறார்கள். நின்றுபோன இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் மிஷின் உள்ளே இருக்கிறது. எங்கள் கம்பெனிதான் வாங்கிக் கொடுத்தது. உங்கள் பெண்டாட்டி இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்? ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேசாமலே எனக்குப் பொழுது போய்விடுகிறது.

அன்றைக்கு ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்றபோது உங்களுக்குக் கை கால் வெட்டி இழுத்ததாம். வலிப்பு என்று நினைத்துவிட்டார்கள்; நின்றுபோனது இதயம் என்று யாருக்கும் தெரியவில்லை. தமிழில், கன்னடத்தில், தெலுங்கில் என்று ஆளாளுக்குக் கத்தினாலும் எல்லோரும் கேட்டது இரும்பைத்தான். டீக்கடை அண்ணன் தன் சாவிக்கொத்தை உங்கள் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாராம். நான் ஓடி வந்தபோதும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை மாமா. நான் பக்கத்தில் நின்றிருந்தாலும் சாவியைத்தான் தேடியிருப்பேன்.

போன வாரம் கேன்டீனில் பயிற்சி கொடுத்தார்கள். நர்ஸம்மா ஒரு ரப்பர் பொம்மையைப் படுக்க வைத்து, "மூச்சு இல்லைன்னா ஒருத்தர் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க, ஒருத்தர் ஓடிப்போய் பெட்டிய எடுத்துட்டு வாங்க, ஒருத்தர் நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருங்க. சட்டையைக் கழட்டிட்டு, பெட்டியில இருக்கிற ரெண்டு பேடையும் படத்துல இருக்கிற மாதிரி நெஞ்சுல ஒட்டுங்க. ஷாக் வேணுமா வேணாமான்னு மிஷினே சொல்லும்" என்றார். ரோட்டில் வைத்து ஆம்பளை சட்டையை எப்படிக் கழட்டுவது என்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிறகு என் முறை வந்தது. பொம்மை நெஞ்சில் கை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரு நெஞ்சின்மேல் கை வைத்து எத்தனை காலமாயிற்று!

"இது இருந்திருந்தா அவர் பொழச்சிருப்பாரா மேடம்?" என்று கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஒரு வாய்ப்பு இருந்திருக்கும்."

அந்த ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மாமா?

நேற்று வேலை முடிந்து வந்து பார்த்தால், பெட்டிக்குப் பூட்டு! கடையையும் சாத்திவிட்டுப் போயிருந்தார் அண்ணன். இன்று காலையில் முதல் ஆளாகப் போய்க் கேட்டேன்.

"திருட்டுப் போயிடுச்சுன்னா கம்பெனிக்காரங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றார்.

"போனா போகட்டும்ண்ணா. நீங்க இல்லாத நேரத்துல ஒருத்தர் விழுந்துட்டா, சாவி எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கிறதா?"

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதே கொத்துதான். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அன்னிக்கும் இதைத்தானேம்மா அவர் கையில..." என்றார். பூட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டார். அது இப்போது நம் வீட்டு ஜன்னலில் கிடக்கிறது.

வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பேன் மாமா. என் கண்ணெதிரே யார் விழுந்தாலும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மற்றவர்கள் சாவி தேடுவதற்குள் என் கை அவர் நெஞ்சில் இருக்கும். அவர் வீட்டிலும் ஒருத்தி உலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள் அல்லவா?

உங்கள் அக்கா மகள், உங்கள் பெண்டாட்டி,
சரசு