மாணவர் செயல் என்ற கட்டம்

என் பர்வீனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பி.எட். பிள்ளைகளைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பும் முன் எடுக்கும் பாடக்குறிப்பு வகுப்பை இந்த முறை நான்தான் எடுத்தேன். பதினொரு வருடமாக அது உன் வகுப்பு; நோட்டு திருத்துவதுதான் என் வேலை. இனி யார் எடுப்பது என்று முதல்வர் கேட்டபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு அழுகையும் வந்தது, உன்மேல் எரிச்சலும் வந்தது.

நீ ஆரம்பிக்கும் விதம் எனக்கு மனப்பாடம். "கலைத்திட்டம் எங்கியோ கமிட்டில போடுவாங்க. பாடத்திட்டம் புக்கா அச்சாகி வந்துடும். பாடக்குறிப்பு மட்டும்தாம்மா உங்க கைல இருக்கு." நானும் அதையே சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது சுற்றறிக்கை மாதிரி இருந்தது. பிறகு என் வழக்கப்படி ஸ்கேல் பிடித்துக் கரும்பலகையில் கட்டம் போட்டேன். ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு. மாணவர் செயல் என்ற கட்டத்தில் "மாணவர்கள் சரியாக விடையளிப்பர்" என்று எழுதினேன்.

கடைசி பெஞ்சிலிருந்து கவிதா எழுந்தாள். அணைக்கட்டுப் பக்கத்துப் பெண். ஷூ கம்பெனியில் ஐந்து வருடம் மிஷின் தைத்துவிட்டுப் படிக்க வந்தவள். "மேடம், பசங்க இன்னா சொல்வாங்கன்னு நாமளே முன்னாடியே எழுதிடணுமா?" வகுப்பே சிரித்தது. ஃபார்மட் அப்படித்தான் என்று உட்கார வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து சிரித்திருப்பாய், இல்லையா?

போன வருடம் இதே கட்டத்துக்காகத்தானே நாம் சண்டை போட்டோம்? நீ கையெழுத்துப் போட்ட ஒரு நோட்டில் அது காலியாக இருந்தது. "கிளாஸ் முடிஞ்சப்புறம் எழுதட்டும்க்கா" என்றாய். நான் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண் முப்பது பாடக்குறிப்பையும் மறுபடி எழுதினாள். "பேஜார் புடிச்ச வேலைக்கா இது" என்று சொல்லிவிட்டு நீ நான்கு நாள் என்னோடு டீ குடிக்க வரவில்லை. ஐந்தாம் நாள் நீயாகவே வந்தாய். நான் வீம்புக்கு அந்தச் சண்டைப் பேச்சையே எடுக்கவில்லை. அப்புறம் உனக்கு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக்கு வந்து நோட்டுப் பேச்சா பேசுவது?

போன மாதம் கவிதாவின் கற்பித்தல் பயிற்சி. ஒன்பதாம் வகுப்பு, அமிலங்களும் காரங்களும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "சுண்ணாம்பை எங்கே பார்த்திருக்கிறீர்கள்?" என்பது முதல் கேள்வி. "சுவரில்" என்பது நோட்டில் எழுதிவைத்த பதில். அதற்கு என் கையெழுத்தும் இருக்கிறது. ஒரு பெண் எழுந்து, "எங்கப்பா கைல, மிஸ்" என்றாள். அவர் தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர். தோலில் முடி கழல ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில்தான் அவருக்கு நாள் முழுக்க வேலை. "கொழம்பு பட்டா எரியுதும்பாரு. அம்மாதான் ஊட்டும்."

கவிதா குறிப்பை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். காரம் ஏன் தோலை அரிக்கிறது, கையில் பட்டால் உடனே என்ன செய்ய வேண்டும், கையுறை ஏன் அவசியம்? மணி அடிக்கும் வரை அதுதான் பாடம். மதிப்பீட்டுக்கே போகவில்லை. நானும் வாட்ச்சைப் பார்க்க மறந்துவிட்டேன்.

மறுநாள் நோட்டு வந்தது. "சுவரில்" என்பதை அடித்துவிட்டு அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள். கையெழுத்துக்குப் பிறகு அடித்தல் திருத்தல் இருந்தால் குறிப்பு செல்லாது என்பது நான் போட்ட விதி. மறுபடி எழுதிக் கொண்டுவா என்றேன். பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது.

"எழுதிட்டு வர்றேன் மேடம். ஆனா அந்தப் பொண்ணு சொன்னத எடுத்துட்டு எழுத மாட்டேன். அதனால ஃபெயில்னா பரவால்ல, நான் கம்பெனிக்கே போய்டறேன்." மரியாதையாகத்தான் சொன்னாள்.

அந்த நிமிடம் எனக்கு நீ வேண்டியிருந்தது, பர்வீன். அவளுக்காக என்னோடு மல்லுக்கு நிற்க அங்கே யாரும் இல்லை. நீ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

அடித்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "போம்மா, அடுத்த கிளாஸுக்கு நேரமாச்சு" என்று விரட்டினேன். இல்லாவிட்டால் அவள் எதிரிலேயே அழுதிருப்பேன்.

நாளை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் என்னைவிடக் கறார் என்று கேள்வி. அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, இதற்கு யார் கையெழுத்துப் போட்டது என்று நிச்சயம் கேட்பார். நான் கவிதாவின் பக்கத்தில் நிற்பேன். நான்தான் என்பேன். மார்க் குறைத்தால் விடமாட்டேன், நீ என்னோடு மல்லுக்கட்டியதுபோல அவரோடு மல்லுக்கட்டுவேன். உன் அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனாலும் அவளைக் கம்பெனி பஸ் ஏற விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

சண்டை போட்ட பிறகும் நீ தேடி வந்த அக்கா,
செல்வி