நோஷிரோ வரைக்குமான பாடங்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

பயணத் திட்டம். நாகஓகாவிலிருந்து நோஷிரோ வரை, கடலோரச் சாலை, மூன்று நாள்.

1. பாடம் ஒன்றே ஒன்று: மணல். வண்டி நிற்கும் ஒவ்வொரு கடற்கரையிலும் ஒரு சிறு புட்டி மணல் எடுத்து ஒப்பிடுவது. பேத்தி சுமிரேயின் கோடை விடுமுறை ஆய்வுக்கும் அதுவே ஆகும்.
2. எட்டு வயது சுமிரேக்கு இருபது நிமிடம், அவள் தம்பி, ஐந்து வயது கோஹேய்க்குப் பத்து நிமிடம். அதற்கு மேல் கூடாது.
3. ஒவ்வொரு புட்டியிலும் சீட்டு: இடம், தேதி, நேரம், எடுத்தவரின் முழுப் பெயர்.
4. பிள்ளைகள் கேட்பதற்கு வாயில் வந்ததைச் சொல்லக் கூடாது. "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, சரிபார்த்த பிறகே பதில்.
5. அந்த விஷயம் பேச்சில் வரவே கூடாது.

ஐந்தாவதை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் குறிப்பேட்டில்கூட அதைப் பெயர் சொல்லி எழுதப் பயம். எழுதிவிடுகிறேன். மகன் நோரிஹிகோவும் மருமகள் சிகுசாவும் பிரிகிறார்கள். விவாகரத்துத் தாளில் இருவரும் முத்திரை வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் இனி அவளோடு, நோஷிரோவில், அவளுடைய பெற்றோர் வீட்டில். "விடுமுறைக்குப் போறோம்" என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறது.

நேற்று நோரிஹிகோ வந்து நின்றான். "அப்பா, போய்ச் சேர்ந்தப்புறம் சிகுசாவே பக்குவமா சொல்லிக்குவா. வண்டியில மட்டும் பேச்சு அந்தப் பக்கம் போயிடாம பாத்துக்கோங்க. நீங்கதான் எதையாவது பாடம் எடுத்துக்கிட்டே இருப்பீங்களே."

அது பாராட்டா, ஏளனமா? தெரியவில்லை. திட்டம் போட உட்கார்ந்துவிட்டேன்.

நம் ஊரில் மணம் முறிந்து பிள்ளைகள் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் ஓசைப்படாமல் விலகிக்கொள்வதுதான் மரியாதை. நில அளவைத் துறையில் என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் பேரனைப் பார்த்துப் பதினோரு ஆண்டாகிறது. வானிலை சொல்வதுபோல அதைச் சொல்வார். ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்து பார்க்கலாமா என்று சிகுசாவிடம் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆறாவதாக அதை எழுதப் போனேன். எழுதவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ஜாம் புட்டிகள் ஆறு. கொதிநீரில் போட்டு எடுத்து, கவிழ்த்துக் காயவைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி — யுனோஹாமா, விடுதி

முன்னால் நோரிஹிகோவும் சிகுசாவும். பின்னால் பிள்ளைகளுக்கு நடுவில் நான், மடியில் புட்டிப் பெட்டி.

முராகாமி தாண்டியதும் சிகுசா, "வலது பக்கம் திரும்பணும்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் நேராப் போறீங்க?"

"நீயே ஓட்டேன்."

நான் அவசரமாக, "மணல் எங்கேயிருந்து வருது, யாருக்குத் தெரியும்?" என்று ஆரம்பித்தேன்.

கோஹேய் சொன்னான்: "தாத்தா பாடம் ஆரம்பிச்சா எனக்கு ஒண்ணுக்கு வருது."

"உனக்கு எப்பத்தான் வரல?" என்றாள் சுமிரே.

எல்லோரும் சிரித்துவிட்டோம், முன்னால் இருந்தவர்களும்கூட. சிரித்து முடித்த பிறகு இருவரும் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

செனாமி கடற்கரையில் முதல் புட்டி, இங்கே இரண்டாவது. சீட்டுகளை ஓடும் வண்டியில் எழுத முடியாது, நாளை சேர்த்து எழுதலாம் என்று நானே சொன்னேன். பாடம் பதினெட்டு நிமிடம். இன்று சிகுசாவிடம் கேட்க வாய்ப்பில்லை. இருந்தது. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி — கிசகதா

எழுதுவதற்கே கை வரவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்தரை. இங்கே மணல் கறுப்பு, எரிமலைக் கல் பொடிந்தது. காந்தத்தைத் துணியில் சுற்றி மணலில் விட்டதும் கறுப்புத் துகள்கள் முள்முள்ளாக ஒட்டி நின்றன. கோஹேய் கத்தினான்: "முடி! தாத்தா, இத உங்க தலையில வெச்சுக்கலாம்!" தூரத்தில் நின்ற நோரிஹிகோ கைதட்டினான். இந்தப் பயணத்தில் நல்ல நேரம் அதுதான் என்று நினைக்கிறேன்.

பிறகு சீட்டு எழுதினோம். சுமிரே மூன்று சீட்டிலும் இடம், தேதி, நேரம் எல்லாம் அழகாக எழுதினாள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, வெறும் "சுமிரே".

"குடும்பப் பெயர் எங்கம்மா?"

"அப்புறமா எழுதிக்கிறேன் தாத்தா."

அங்கே நிறுத்தியிருக்கலாம். முப்பத்தெட்டு ஆண்டுகள் அளவைக் குறிப்பில் வெற்றிடம் பார்த்தால் திருப்பி அனுப்பியவன் நான். "அப்புறம்னு விட்டா மறந்துபோகும். முழுப் பெயர் இல்லாத சீட்டு செல்லாது. இப்பவே எழுது" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். கடலைப் பார்த்தபடி, மெதுவாக — "அகிசாவான்னு எழுதினா தப்பாயிடும் தாத்தா. அங்க பள்ளிக்கூடத்துல நான் கசாமா சுமிரே, அம்மா வீட்டுப் பேரு. அம்மா போன்ல பேசினத கேட்டேன். வேற பேரு இருந்தா டீச்சர் யாரோடதுன்னு தேடுவாங்க."

எத்தனை நாளாகத் தெரியும்? ஜூலையிலிருந்தாம். எங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று சொல்லவில்லையாம். எட்டு வயது!

கோஹேய் பக்கத்திலேயே காந்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான். "எனக்குமா?"

"உனக்கும்தான்."

"அப்பாவுக்கு?"

சுமிரே என்னைப் பார்த்தாள். நான் காந்தத்தைப் பார்த்தேன். அவன் எழுந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். "எங்க பேரு மாறிட்டா, நீங்க யாருக்குத் தாத்தா?"

நான் சொன்னேன்: "பார்த்துச் சொல்றேன்."

"சரி. மறந்துடாதீங்க."

சிகுசா ஓடி வந்தபோது அவன் அழவில்லை, சுமிரேதான் அழுதாள். என்ன நடந்தது என்று நானே சொன்னேன். சிகுசா என்னைத் திட்டவில்லை. "சீட்டுக்காகவா, மாமா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

நோரிஹிகோ எனக்கு ஒரு குளிர்ந்த தேநீர் வாங்கி வந்து கையில் வைத்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு — நோஷிரோ

பாடம் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சம்பந்தி வீட்டு வாசலில் சாமான்களை இறக்கினோம். உள்ளே வரச் சொன்னார்கள். நோரிஹிகோ இரண்டு கையாலும் சுமிரேயின் சைக்கிளை இறக்கிக்கொண்டே "நேரமாயிடுச்சு" என்றான். சிகுசா வண்டிக்கு இந்தப் பக்கம் தனியாக வந்தாள். இப்போது கேட்டுவிட வேண்டும்.

"சிகுசா, ஒரு விஷயம்..."

"சொல்லுங்க மாமா."

காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள்.

"பின் சீட்டுல கோஹேயோட தொப்பி இருக்கான்னு பாரும்மா."

தொப்பி அவன் தலையில் இருந்தது. அவளும் திரும்பிப் பார்த்தாள், அவன் தலையைத்தான். எனக்குக் குனிந்து வணங்கினாள். நானும் வணங்கினேன்.

வீடு வரைக்கும் நானும் மகனும் பேசியது: "பெட்ரோல் போடணுமா?" "போடணும்."

ஆகஸ்ட் 25, திங்கள்

அங்கே பள்ளியில் இன்று இரண்டாம் பருவம் தொடக்கம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

சிகுசாவின் கடிதம். கையெழுத்து எப்போதும்போல் சீராக இருக்கிறது. எழுதியது:

"மாமா, கோஹேய் தினமும் தபால்காரர் வந்ததும் வாசலுக்கு ஓடுகிறான். தாத்தா எதையோ பார்த்துச் சொல்வதாகச் சொன்னாராம். என்ன என்று கேட்டால் சொல்ல மறுக்கிறான். பிள்ளைகள் பள்ளியில் இப்போதுதான் கொஞ்சம் ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வீட்டு நினைவு வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச காலத்துக்குக் கடிதம், தொலைபேசி எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தவறாக நினைக்காதீர்கள்."

தவறாக நினைக்கவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு? கேட்டு எழுதலாம்தான். ஆனால் அதுவும் கடிதமாயிற்றே.

செப்டம்பர் 23, செவ்வாய்

கோஹேய்க்கு ஓர் அட்டை எழுதினேன். ஒரே வரி. அஞ்சல்பெட்டி வரை போய்த் திரும்பினேன். அவள் கேட்டுக்கொண்டதை மீற என்னால் ஆகாது. இதைக் கண்ணியம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயம் என்றால்தான் சரி.

நவம்பர் 2, ஞாயிறு

நோரிஹிகோ மாதம் ஒருமுறை அவளோடு பேசுகிறான், வங்கி விஷயமாக. இன்று பேசிவிட்டு என் அறைக்கு வந்தான். "கோஹேய் இப்பல்லாம் தபால்காரர் வந்தா ஓடறதில்லையாம்ப்பா. விளையாட்டுலேயே இருக்கானாம்." நல்ல சேதியாகத்தான் சொன்னான். நல்லது என்றேன்.

"பார்த்துச் சொல்கிறேன்" என்ற நான்காவது விதி தவறு. அன்று சரிபார்க்க ஒன்றுமே இருக்கவில்லை. அவன் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே பதில் தெரியும் — உனக்குத்தான்டா.