ஏழாம் கட்டத்தில் பூஜ்யம்

ஆல்டர் க்ரீக்
அக்டோபர் 12, 1998

என் அக்கா பெற்ற செல்வம் ஸிக்னேவுக்கு,

இது நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில், கையில் சாசேஜும் பன்னுமாக, மேயர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "மெயின் ரோட்டை அகலப்படுத்தி நாலு தடம் போட்டுட்டீங்க. போஸ்ட் ஆபீஸ் முன்னால ஒருநாள் யாராவது விழுவாங்க, பாருங்க." மாதத்தைக்கூடச் சொன்னேன், அக்டோபர் என்று. மேயரைக் கேட்டால் இல்லை என்பார். அவருக்கு ஞாபகசக்தி கிடையாது.

விழுந்தது என் பக்கத்து வீட்டு வெர்னா. நாற்பது வருஷமாக நம் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறாளே, அவளேதான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, தலையிலும் அடி. உயிருக்கு ஒன்றும் இல்லை.

நடந்ததை என்னைவிடத் தெளிவாகப் பார்த்தவன் இந்த மாவட்டத்தில் இல்லை. அவள் தபால் கட்டோடு ஓரத்தில் நின்றாள். நான் ஓரத் தடத்தில் வந்தவன், மரியாதையாகப் பிக்கப்பை நிறுத்தினேன். என் வண்டிக்கு முன்னால் நடந்து அடுத்த தடத்தில் கால் வைத்தாள். அதே நேரம் என் இடப்பக்கமாக ஒரு நீலக் கார் வந்தது. வேகம் அறுபது மைல், குறையாது. தபால் கட்டு பாங்க் கொடிக்கம்பம்வரை பறந்தது. என் பங்குக்கு நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில், ஜெபம் செய்கிறவன் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்க வந்த ஷெரிப்பின் போலீஸ்காரன் என்ன எழுதினான் தெரியுமா? "நடந்து சென்றவர் கவனமின்றிச் சாலைக்குள் நுழைந்தார்." முடிந்தது கதை. நீ சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சி என்று தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிறாயே, ஏதாவது செய். ஒரு சிக்னல் விளக்கு வாங்கிக் கொடு. என் பெயரை அதில் போட வேண்டாம். போட்டால் தடுக்கவும் மாட்டேன்.

உன் அன்பு மாமா,
ஆர்லோ


நவம்பர் 2, 1998

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் மூன்று பேருக்குப் படித்துக் காட்டினேன். கொடிக்கம்பம் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அறுபது மைல் மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை. ரோட்டில் டயர் இழுத்த தடத்தை அளந்திருக்கிறார்கள். அந்தக் கார் இருபத்தெட்டு மைலில் வந்திருக்கிறது. ஓட்டியது பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி. உங்கள் பிக்கப் மறைத்ததால் வெர்னாவைப் பார்க்கவே இல்லை என்கிறாள். நம்புகிறேன்.

சிக்னல் கேட்டால் மூன்று வருஷத்தில் ஐந்து விபத்து காட்டச் சொல்வார்கள். உங்கள் ஊரில் ஒன்றுதான். இன்னும் நாலு பேர் விழட்டும் என்று காத்திருக்கிறது விதி. இதை எழுதும்போது பேனாவை உடைக்கத் தோன்றுகிறது. ஆனால் எங்களிடம் ஒரு புதுத் திட்டம் இருக்கிறது, விபத்துக்கு முன்னாலேயே இடத்தைச் சரிசெய்ய. நாலு தடத்தை மூன்றாகக் குறைத்து, நடுவில் ஒரு மேடை கட்டுவோம். கடப்பவர் பாதி வழியில் நின்று பார்க்கலாம். மாநிலம் முழுவதுக்கும் மூன்றே இடங்கள். ஏப்ரலில் குழு தீர்மானிக்கும்.

அதற்கு ஒன்று தெரிய வேண்டும். வெர்னா ஏன் நிற்காமல் அடுத்த தடத்துக்குப் போனாள்? சர்ச்சில் நடுவழியைக் கடக்கும்போதுகூட இரண்டு பக்கமும் பார்க்கிறவள் அவள்.

படிவங்கள் அனுப்புகிறேன். பனி குறைந்ததும் நாலு நாள் அந்த இடத்தில் உட்கார்ந்து எண்ணிக் கொடுங்கள். மிகைப்படுத்தாமல், தயவுசெய்து.

உங்கள் ஸிக்னே


மார்ச் 9, 1999

அன்புள்ள ஸிக்னேவுக்கு,

இருபத்தெட்டு என்று அளந்தவனுடைய டேப்பைக் கொஞ்சம் சோதித்துப் பார். சரி, போகட்டும். உனக்காக ஐம்பத்தைந்துக்கு இறங்கி வருகிறேன்.

நாலு நாள் எண்ணி முடித்துவிட்டேன். மடக்கு நாற்காலி, தெர்மாஸ், இரண்டு கோட்டு. அவ்வளவு குளிர், காபி ஊற்றும்போதே உறைந்து குச்சியாகிவிட்டது. (இதை உன் அறிக்கையில் போடாதே.) எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதிலும் பாதிதான். ஆனால் பட்டம் வாங்கியவர்கள் ஒரு வருஷம் எண்ணுவதை நாலு நாளில் எண்ணிவிட்டேன். கடந்தவர்கள் 212. ஒரு வண்டி நின்று, பக்கத்துத் தடத்து வண்டி நிற்காமல் போனது 31. மயிரிழையில் தப்பியது 9. அதில் ஒருவர் நம் பாதிரியார். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

தினமும் ஒரு கூட்டம் வந்து கேலி. தபால்காரன் மெர்ல், "என்ன ஆர்லோ, கார் எண்ணி எண்ணித் தூக்கம் வருதா?" என்றான். "உன்னை எண்ணல, கவலைப்படாதே. நகர்றதை மட்டும்தான் எண்ணுறேன்" என்றேன்.

ஊர்க் கவுன்சிலுக்கும் போய்ப் பேசினேன். அறுபது மைல் என்றுதான் சொன்னேன். அங்கே டேப் இல்லையே. எல்லோரும் கையெழுத்துப் போட்டு, வேகத்தைக் குறைக்க வழி செய்யுங்கள் என்று உங்கள் குழுவுக்கு மனு அனுப்பிவிட்டார்கள். எப்படி என் வேலை?

வெர்னா வீட்டுக்கு வந்துவிட்டாள், கைத்தடியோடு. ஈஸ்டருக்கு வாசிக்க மாட்டாளாம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. வேலை.

உன் மாமா,
ஆர்லோ


ஏப்ரல் 7, 1999

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் வேலை அருமையாக இருக்கிறது. அதனால் குழு உங்கள் ஊருக்கு வேகத்தைக் காட்டும் மின்பலகை ஒன்று கொடுக்கப்போகிறது. அவ்வளவுதான். தடம் குறைப்பதும் இல்லை, மேடையும் இல்லை. மனுவில் வேகம் என்றுதானே இருக்கிறது. பலகையைப் பார்த்து எல்லோரும் இருபத்தெட்டில் போவார்கள். இருபத்தெட்டில்தான் வெர்னா விழுந்தாள். அடுத்தவரும் அதே இடத்தில், அதே வேகத்தில் விழுவார். ஐந்து மாதமாக நான் போராடியதை ஒரு பொய்யான அறுபது சாப்பிட்டுவிட்டது.

நேற்று வெர்னாவோடு போனில் பேசினேன். "யாரோ எனக்குப் போன்னு கை காட்டினாங்க, ஸிக்னே. அதனாலதான் போனேன். முகம் ஞாபகம் இல்லை, கைதான் ஞாபகம் இருக்கு. தலையில அடிபட்டதால கற்பனைங்கறான் என் மகன்." அந்த மகன் லைல் அதோடு நிற்கவில்லை. அம்மா தானாக ரோட்டில் இறங்குகிறாள், இனிமேல் தனியாக விட முடியாது என்று, நகரத்தில் ஒரு முதியோர் விடுதியில் இடம் பிடித்துவிட்டான். மாதக் கடைசியில் கூட்டிப் போகிறான். பெட்டி கட்டுகிறார்களாம். "எனக்கே சந்தேகமா இருக்கு, நான் சரியாத்தான் இருக்கேனான்னு" என்றாள். மாமா, அவள் அழவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிறகு உங்கள் படிவங்களை மறுபடி எடுத்தேன். ஏழாம் கட்டம்: "ஓட்டுநர், நடப்பவரைப் போகும்படி கை காட்டியது." நாலு நாளும் பூஜ்யம்.

நானும் அந்த ஊரில் வளர்ந்தவள். சவ வண்டிக்குக்கூடக் கை காட்டி வழிவிடும் ஊர் அது. நாற்சந்தியில் நாலு வண்டி, "நீங்க போங்க, நீங்க போங்க" என்று கை ஆட்டிக்கொண்டே சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடும் ஊர். 212 பேர் கடந்தார்கள், ஒருவருக்குக்கூட யாரும் கை காட்டவில்லையா?

குழு இறுதி முடிவெடுக்கப் பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை கூடுகிறது. நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை. காலிப் படிவம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

ஸிக்னே


ஏப்ரல் 11, 1999

அன்புள்ள ஸிக்னேவுக்கு,

படிவத்தைத் திரும்ப எழுதி இணைத்திருக்கிறேன். ஏழாம் கட்டத்தில் 164. முதல் நாளிலிருந்தே தனிக் காகிதத்தில் குறித்து வைத்திருந்தேன், கோட்டுப் பையில். பக்கத்துத் தடத்து வண்டி நிற்காமல் போன அந்த முப்பத்தொன்றில் இருபத்தாறு, கை காட்டியதை நம்பி நடந்தவர்கள். இந்த எண்களில் ஒன்றையும் நான் ஊதிப் பெரிதாக்கவில்லை. வேண்டுமானால் மெர்லைக் கேள். வேகம் அறுபது என்றது பொய் என்று கவுன்சிலுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேயர் அந்தக் காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம்.

இன்று சர்ச் முடிந்ததும் வெர்னா வீட்டுக்குப் போனேன். கூடமெல்லாம் அட்டைப்பெட்டி. அக்டோபரில் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். வழியில் நல்லதாக ஒரு முன்னுரை தயாரித்திருந்தேன். அவளைப் பார்த்ததும் அது வரவில்லை.

"அப்போ எனக்குப் பைத்தியம் இல்லை" என்றாள்.

"இல்லை, வெர்னா."

"உன் வீட்டு வாசல்லேருந்து என் வீட்டு வாசலுக்கு எத்தனை அடி, ஆர்லோ?"

"நாற்பது இருக்கும்."

"அதை நடந்து வர உனக்கு ஆறு மாசம் ஆச்சு. எனக்கு இடுப்பு உடைஞ்சும் நான் உன்னைவிட வேகமா நடந்திருப்பேன்."

காபி கொடுக்கவில்லை, ஸிக்னே. இந்த ஊரில் வீட்டுக்குள் வந்தவனுக்கு, அவன் வீட்டை ஏலம் போட வந்தவனாக இருந்தாலும், காபி கொடுக்காமல் அனுப்பி நான் பார்த்ததில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டாள்.

பிறகு போனை என் கையில் கொடுத்து, "லைலுக்குச் சொல்லு. உன் பாணியில வேண்டாம். நடந்ததை மட்டும்" என்றாள். சொன்னேன். நாலே வாக்கியம். என் வாழ்க்கையிலேயே நான் சொன்ன மிகச் சின்னக் கதை அதுதான். லைல், "அம்மாகிட்ட குடுங்க" என்றான். அவர்கள் பேசும்போது நான் வராந்தாவில் நின்றேன். அவள் வெளியே வந்து, "பெட்டியெல்லாம் பிரிச்சு, இருந்த இடத்துல வை" என்றாள். மாலைவரை வைத்தேன். ஒவ்வொரு கிண்ணமும் எங்கே இருக்க வேண்டும் என்று தடியால் காட்டினாள். தலையில் அடிபட்டவளாம்!

கிளம்பும்போது பழக்கத்தில் கையைத் தூக்கினேன்.

"கையைக் கீழே போடு, ஆர்லோ" என்றாள்.

வெள்ளிக்கிழமை குழுவில் இதைப் படித்துக் காட்டு. எட்டாம் வகுப்பு மாமா என்று வெட்கப்படாதே, பெயரையும் சேர்த்தே படி. நான் அந்த இடத்தில் விபத்து வரும் என்று சொன்னது உண்மை. பிக்கப்பை நிறுத்தியது உண்மை. நீலக் கார் வந்தது உண்மை. பக்கவாட்டுக் கண்ணாடியில் அது வருகிறதா என்று பார்க்காமலேயே, சிரித்துக்கொண்டே, "போம்மா, போ" என்று வெர்னாவுக்குச் சைகை செய்ததும் நான்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது என்று எழுதினேனே, அது மட்டும் நான் இட்டுக்கட்டியது.

ஆர்லோ நைகார்ட்