ஏழாவது டிஸ்க்

அன்பு மகனுக்கு,

உன் பேஸ்பால் டிஸ்குகளை விற்றுவிட்டேன். திட்டு, ஆனால் காரணத்தையும் கேள். கரண்ட் வரும்போதெல்லாம் அந்தப் பழைய அமெரிக்கச் சாம்பியன் தொடரைப் போட்டுப் பார்த்தேன். டிஸ்குக்கு ஒன்றாக ஏழு ஆட்டத்தில் ஆறு முடிந்து, இரண்டு அணியும் மூன்றுக்கு மூன்றாக நிற்கிறது. மைதானத்து இரைச்சல் கேட்டால் உன் அம்மா, நீ வந்துவிட்டாய் என்று அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

கட்டாயப் பட்டாளப் பட்டியலில் பெயர் வந்ததும் நீ தப்பித்து எல்லைக்குப் போய் இன்றோடு பதினாறு மாதம். உன்னோடு போன இரண்டு பேரும் தாய்லாந்திலிருந்து போன் பண்ணினார்கள். உன்னைப் பற்றி நான் அதிகம் கேட்கவில்லை. முகவரி இல்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

டிஸ்குகளை வாங்க வந்தவர் தன்லின் டவுனில் பேஸ்பால் சொல்லித்தரும் பயிற்சியாளர் சிவநாதன். ஏழாவது டிஸ்கை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"முடிவு இல்லாத தொடரை வச்சுக்கிட்டு நான் என்ன பாய் பண்றது?" என்று கேட்டார்.

"அதை என்கூட உக்காந்து பாக்குறேன்னு மகன் சொல்லிட்டுப் போயிருக்கான்."

அதன்பிறகு அவர் பேரமே பேசவில்லை. நீ வரமாட்டாய் என்றே அவர் நினைத்துவிட்டார் போல. கடைசியில் நிபந்தனையை நானே சொன்னேன். ஆறு டிஸ்குக்கு முப்பதாயிரம் கியாட். வருகிற நோன்புப் பெருநாளுக்குள் நீ வராவிட்டால், ஏழாவதும் அவருக்கே, காசில்லாமல்.

உன் அத்தா