பலகையில் இரண்டு நெடில் கோடுகள்

ஹினேமோவா,

இறைச்சி அடுப்பில் வேகிறது; மூன்று மணிக்கு அணைத்துவிடு.

நம் கேக் கடைப் பலகைக்கு நகரசபை இன்று அனுமதி மறுத்தது. எழுத்து, வரம்பைவிட ஒரு விரற்கடை உயரமாம். ‘கேக்கே’ (kēkē) என்ற மாவோரிச் சொல்லில், ஒலியை நெடிலாக்க e எழுத்துகளின் மேல் நான் இட்ட கோடுகளையும் சேர்த்தே அளந்திருக்கிறார்கள். இலக்கணத்தைக் குறைக்க இயலாது என்று வாதிட்டேன்.

அதிகாரி திப்பேனே சிரித்துவிட்டார். “கோட்ட எடுத்துடுங்க சார். ‘கெக்கெ’ன்னு குறில்ல எழுதினாத்தான் திங்கிற கேக்கு; நெடில்ல எழுதினா அக்குள்னு அர்த்தம். இப்ப நீங்க தொறக்கப்போறது அக்குள் கடை!”

நான்கு மணிக்கு அவர் மீண்டும் அளப்பார். தவறினால் நாளை திறப்பு இல்லை. கோடுகளை அழிக்கச் செல்கிறேன்.

பி.கு.: மூன்று வாரமாகப் பலகையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாய். உன் தாய்மொழியை உனக்கே நான் திருத்தியதால்தான் பொருளைச் சொல்லவில்லையா? கோபமில்லை, அறிய ஆவல்.

— லெஸ்லி