முப்பத்தெட்டாவது தாள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். நலம் என்று கை தானாக எழுதிவிட்டது, அடிக்க மனமில்லை, இருக்கட்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூக்கம் வருகிறது. அழுதாயா அம்மா என்று ஒவ்வொரு தடவையும் போனில் கேட்கிறாய். இல்லை. அப்பா போய் ஏழு வாரம் ஆகிறது, இன்னும் அழுகை வரவில்லை. வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மரத்துப்போய்க் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி இருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகிற்று, ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்தேன். மாடிப்படி விளக்கையும் மாற்றியாயிற்று. அப்பாவின் செருப்பு மட்டும் வாசலிலேயே கிடக்கிறது, எடுக்கக் கூடாது என்றில்லை, குனியத் தோன்றவில்லை.

மூன்று வாரமாக மறுபடி அச்சகத்துக்குப் போய்வருகிறேன். எங்கள் வேலை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன், பின்னால் சொல்லப்போவதற்கு அது வேண்டும். மூலத்தை நான் சத்தமாக வாசிப்பேன், அப்பா அச்சாகி வந்த புரூஃபில் ஒவ்வொரு எண்ணுக்கும் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வருவார், இருபத்தாறு வருஷமாக இதே ஜோடிதான். பொருளைப் பார்த்துப் படித்தால் பிழை தப்பிவிடும், வாய்க்கும் கைக்கும் நடுவில் மனசு வரக் கூடாது என்று முதல் நாளே ஃபோர்மேன் சொல்லிக்கொடுத்தது. கடைக்காரன் சீட்டு, கரண்ட் பில், உனக்கு எழுதும் கடிதம் எது வந்தாலும் ஒருவர் வாசித்து ஒருவர் டிக் போடாமல் எங்களுக்கு முடிந்ததாக இராது. என் கடிதங்களில் இருக்கும் பென்சில் டிக்குகளைப் பார்த்து மருமகள் சிரிப்பாள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். வீட்டில் வாசிக்கிற நேரத்தில் போன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவோம். உனக்கு ஜுரம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டுக் கிடைக்காமல் சாயந்தரம் வரை நீ படியில் உட்கார்ந்திருந்தாயே, இன்னமும் அதைச் சொல்லிக்காட்டுவாய்.

இந்த வருஷமும் எங்கள் கைக்கு வந்தது வளர்ந்த நாடுகளின் மருத்துவச் செலவு அட்டவணை. தேசத்தின் வருமானத்தில் மருத்துவத்துக்குப் போவது எவ்வளவு, அதில் அரசாங்கம் போடுவது எவ்வளவு, தனியார் எவ்வளவு, அந்தத் தனியாரிலும் இன்சூரன்ஸ் எவ்வளவு, நோயாளி தன் கையிலிருந்து கொடுப்பது எவ்வளவு என்று முப்பத்தேழு தாள். எங்களுக்கு நாட்டின் பெயரெல்லாம் கணக்கில்லை, வரிசை எண்தான். நாம் குடிவந்த இந்த நாடு பதினான்காவது வரிசை, நீ இருப்பது முப்பத்தொன்றாவது. உன் வரிசையில் மொத்தச் செலவு எல்லோரையும்விட அதிகம், ஆனால் அதில் ஏறக்குறைய பாதி தனியார் தலையில். அப்பாவுக்கு இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது நீ தனியார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். அவர் கேட்கவில்லை. "நம்ம வரிசையில பத்துல எட்டு பங்கு அரசாங்கம் போடுது, வருஷா வருஷம் நான்தான் டிக் போடறேன், ஒரு தடவையாவது என் பங்கை நானே வாங்கிக்கறேனே" என்று சிரித்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு வந்தோம். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அச்சகத்தில் வேலையைப் பழுப்பு உறையில் போட்டுத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது நீ அறிந்ததுதான். ஐந்து மாதமாகியும் அறுவைச் சிகிச்சைக்குத் தேதிச் சீட்டு வரவில்லையே என்று அவரே நேரில் போய்க் கேட்டார், நானும் கூட இருந்தேன். தேதி கொடுக்கும் ஜன்னலில் தடிக்கண்ணாடி போட்ட அந்தப் பெண் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சீட்டு அனுப்பினேங்கய்யா, ரெண்டு தடவை போனும் பண்ணேன், லைன் கிடைக்கவே இல்ல" என்றாள். கையெழுத்துப் போட்ட நகல் திரும்பி வராததால் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம், இனி வரிசையின் கடைசியில்தான் சேர்க்க முடியுமாம். அப்பா கத்தினார். அனுப்பாமலே அனுப்பினேன் என்று பொய் சொல்கிறாய் என்று எல்லோர் முன்னாலும் அவளைத் திட்டினார். மூன்று வாரம் கழித்துக் காலைப் பேப்பரை மடியில் வைத்தபடியே நாற்காலியில் போய்விட்டார். நீ வந்தாய், காரியமெல்லாம் முடித்தாய், புகார் எழுதினாய், எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை என்ற வரிக்குக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாய், போட்டேன். அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை விசாரணை.

போன செவ்வாய்க்கிழமை அட்டவணையின் இரண்டாம் புரூஃப் வந்தது. நானும் அப்பாவும் வீட்டில் பார்த்து அனுப்பிய முதல் புரூஃப் கட்டை அலமாரியிலிருந்து இறக்கி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்பா இடத்தில் இப்போது பைண்டிங் பிரிவிலிருந்து ஒருத்தியை உட்கார வைத்திருக்கிறார்கள். நல்ல பெண்தான், ஆனால் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது, ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் கேட்பாள். பதினெட்டாவது வரிசைக்காரர்கள் மாத்திரைக்கு ஏன் இவ்வளவு கைக்காசு கொடுக்கிறார்கள் என்று அரை மணி நேரம் என் உயிரை எடுத்தாள். கடைசியில் ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "அக்கா, இது எந்த நாட்டோடயும் சேரல. ஆஸ்பத்திரி சீட்டு மாதிரி இருக்கு."

சீட்டுதான். முழுக்கக் கட்டம் போட்டு, பதிவு எண், வார்டு எண், படுக்கை எண், தேதி, மணி என்று வரிசையாக அச்சடித்தது. தலைப்பு எறும்பு மாதிரி சின்ன எழுத்தில். இரண்டு பிரதி, ஒன்று நமக்கு, ஒன்று கையெழுத்திட்டு அவர்களுக்குத் திருப்பி அனுப்ப. ஒரே மாதிரி இரண்டு தாள் என்றால் எங்கள் வீட்டில் அது மூலமும் புரூஃபும்தானே. தபாலில் வந்த பழுப்பு உறைகளை எல்லாம் அப்பா சேர்த்துக் கிழித்து மேஜையில் அடுக்கியிருக்கிறார். நான் ஒரு பிரதியை வாசித்திருக்கிறேன், அவர் இன்னொன்றில் டிக் போட்டிருக்கிறார். வார்டுக்கு ஒரு டிக், படுக்கைக்கு ஒரு டிக், அறுவைச் சிகிச்சைத் தேதிக்கு ஒரு டிக். தேதிப் பத்தியில் எண்கள் நேராக இல்லை, சீர் செய்க என்று ஓரத்தில் குறிப்பு. அடியில் சரி என்று எழுதிச் சுருக்கொப்பம். கட்டு திரும்பிப் போனபோது முப்பத்தேழுக்குப் பதில் முப்பத்தெட்டுத் தாள் இருக்கிறதே என்று ஃபோர்மேன் போனில் கேட்டதும், நன்றாக எண்ணிப் பாருங்கள் என்று அப்பா அவரையே கேலி செய்ததும் எனக்கு நினைவிருக்கிறது. வாசித்தது நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் வாய் வாசித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி ஜன்னல் பெண் கூப்பிட்ட இரண்டு தடவையும் ரிசீவர் கீழேதான் கிடந்திருக்கும்.

பதினோரு வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். காத்திருக்கும் நாளுக்கு அட்டவணையில் கட்டமே இல்லையே, அதனால்தான் நம் வரிசை பார்க்க அழகாக இருக்கிறது என்று நீ சொன்னாய், நானும் ஆமாம் போட்டேன். கட்டம் இல்லைதான், ஆனால் உன் அப்பா அதனால் போகவில்லை. அவருடைய பங்கு வீடு தேடி வந்தது, நாங்கள் பிழை பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டோம். உன் ஊரில் ஒரே வாரத்தில் செய்திருப்பார்கள் என்கிறாய். செய்திருப்பார்கள், கையிலிருந்து கொடுக்க முடிந்தவர்களுக்கு. முடியாத வீடுகளில் வேறு அம்மாக்கள் வேறு மாதிரிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதெல்லாம் நமக்கு எதற்கு. எனக்கு இப்போது குற்ற உணர்ச்சி வர வேண்டும், அதுவும் ஒழுங்காக வரவில்லை. அந்தப் பெண்ணின் தடிக்கண்ணாடிதான் அடிக்கடி கண்ணில் வந்து நிற்கிறது. பொய் சொல்கிறாய் என்றபோது அதைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள், அங்கே ஏதாவது தவறு இருக்குமோ என்று.

அந்த வியாழக்கிழமை விசாரணைக்கு நான் போகிறேன். டிக் போட்ட தாளை அவர்களிடம் கொடுத்து, என் கையெழுத்து தப்பு என்று சொல்லிவிடுவேன். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். புகார் உன் பெயரில் இருப்பதால் நீ தனியாக எழுதித் திரும்பப் பெற வேண்டும், அந்த நாளுக்குள் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பு, தள்ளிப்போடாதே. அவளுக்கும் இரண்டு வரி எழுது, மன்னிப்பு என்ற வார்த்தை அதில் இருக்கட்டும். என் மேல் கோபம் வந்தால் கோபப்படு, போன் செய்து திட்டினாலும் சரி, இப்போதெல்லாம் ரிசீவர் அதன் இடத்தில்தான் இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் வாசிக்கிற குரலில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து எழுதுகிறேன்.

நீயும் மருமகளும் பேத்தியும் நீண்ட ஆயுளோடு, நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக இருக்க என் ஆசிகள். பேத்திக்குக் குளிருக்கு உள்சட்டை போட்டுவிடு. மருமகளைக் கேட்டதாகச் சொல். எழுதி முடித்ததும் எதிர் நாற்காலியைப் பார்த்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டேன், நான்கைந்து வரி போன பிறகுதான் நிறுத்தினேன். இந்தக் கடிதத்தில் டிக் இருக்காது. பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா