எருக்குழி ஓரத்துக் கம்பம்

சூலூர்,
9.10.1996

அன்புத் தங்கை சாந்தாமணிக்கு, அண்ணன் தம்பிதுரை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். மலையில் நல்ல மழை என்று ரேடியோவில் சொன்னார்கள். மாதம் நெருங்கிவிட்ட கோமளாவை ஈரப் படியில் இறங்க விடாதே.

உன் தென்னைக்குத் தண்ணீர் விட்டுவிட்டேன். பூட்டிக் கிடக்கும் உன் வீட்டைப் பார்க்கத்தான் கூசுகிறது. வால்பாறையிலிருந்து உன் மகள் கோமளா கூப்பிட்டுப் பேச ஒரு டெலிபோன் கேட்டு மனுப் போட்டாய். அதற்கு என் காட்டில் ஒரு கம்பம் நட வேண்டியிருந்தது. நட்டால் லைன்மேன் நடந்து நடந்து தடம் விழும், நாளைக்கு அதையே வண்டித்தடம் என்று நீ பாத்தியதை கேட்பாய் என்று பயந்து ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். கூடப் பிறந்தவளைப் பற்றி அப்படி நினைத்தேன், அம்மணி.

விசாரணையில் அதிகாரி தெளிவாகத்தான் சொன்னார். டெலிபோன் இலாகாவுக்குக் கம்பி போட்டுப் பராமரிக்கும் உரிமை மட்டும்தான், மண் என்னுடையதேதான், நான் மறுத்தாலும் கலெக்டர் அனுமதித்தால் நடலாம் என்றார். பயம் அப்போதே தீர்ந்தது. வீம்பு தீரவில்லை. அது அம்மாவைப் புதைத்த இடம் என்று சொல்லிவிட்டேன். அவர் உன்னைக் கேட்டார். அம்மாவின் சாம்பலைக் கூடுதுறையில் கரைத்தபோது என் பக்கத்தில் நின்றவள் நீ. அந்த இடத்தில் இருப்பது எருக்குழி என்பதும் உனக்குத் தெரியும். "அண்ணன் சொன்னாச் சரிதானுங்க" என்றாய். மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டாய். அடுத்த வாரமே வீட்டைப் பூட்டிவிட்டு மகளிடம் போய்விட்டாய்.

நான்கு மாதமாகச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். நன்றாகச் சாப்பிட்டேன். ஜெயித்த கதையை, சமாதி உட்பட, ஊரெல்லாம் சொன்னேன். போன வாரம் எரு அள்ள வந்த மாசாணம் குழியில் இறங்காமல் நின்றுவிட்டார். "ஏனுங்க, அம்மாளைப் பொதச்ச எடத்துலயா எரு அள்றது?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே நம்பிக் கேட்டார். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நேற்று அதே அதிகாரியிடம் போய் உண்மையை எழுதிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. "அந்தம்மாவுக்கு இது அன்னிக்கே தெரியுமுங்களா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். கம்பம் நட எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ மறுபடி மனுப் போட வேண்டும்.

கோமளா நல்லபடியாகப் பெற்றெழ வேண்டும். நடந்ததை நீ அவளிடம் சொல்லியிருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடு. படித்த பிறகும் அவள் மாமா என்று கூப்பிட்டால், முதல் பஸ்ஸில் வருகிறேன்.

தலைகுனிந்து,
தம்பிதுரை